101.8 காய்ச்சலே இல்லை. கட்டஞ்சாயா நிறம்தான் கவலை

கேள்வி: டாக்டர் சாருக்கு வணக்கம். எங்கள் வீட்டில் செவலை என்று ஒரு கோம்பை நாய் இருக்கிறது. நாலு வயது. அப்பா ஊரிலிருந்து குட்டியாகக் கொண்டுவந்து கொடுத்தது. வீட்டுக்காரர் ஏலக்காய் ஸ்டோரில் (காய் உலர்த்தும் இடம்) வேலை பார்க்கிறார். நாயும் பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும். ஐந்து நாளாகச் சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறது. மூக்கு காய்ந்திருக்கிறது, காதைத் தொட்டால் சுடுகிறது. ஸ்டோரில் இருக்கும் அண்ணன், மூக்கு காய்ந்தாலே காய்ச்சல்தான் என்றார். அவரே வாலைத் தூக்கிப் பிடிக்க, பிள்ளைக்கு வைக்கிற தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தோம். 101.8 காட்டியது. பயந்துபோய் பாராசிட்டமால் 500-இல் பாதி கொடுத்தோம். மறுநாள் 102. இன்னொரு பாதி கொடுக்கலாமா? நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. அப்புறம், மூத்திரம் கட்டஞ்சாயா (பாலில்லாத டீ) மாதிரி போகிறது. மழையில் தண்ணீர் சரியாகக் குடிக்காததால் என்று நினைக்கிறேன். நாய்க்குக் காய்ச்சல் என்பதை எப்படித்தான் கண்டுபிடிப்பது?
— வண்டன்மேடு பக்கமிருந்து ஒரு வாசகி

பதில்: கடிதத்தைப் படித்ததும் நான் பதில் எழுத உட்காரவில்லை. அதில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டு, மாத்திரை எதுவும் வேண்டாம், இன்றைக்கே நாயை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு கம்பத்துக்கு இறங்கிவிடுங்கள் என்றேன். "102 அவ்வளவு அபாயமா சார்?" என்று பதறினீர்கள். 102 நாய்க்குக் காய்ச்சலே இல்லை அம்மா. கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் ஒரு கட்டஞ்சாயா எழுதியிருந்தீர்களே, அதைப் படித்துத்தான் போன் போட்டேன்.

அன்று சாயங்காலம் நடந்தது உங்களுக்குத் தெரியும். ஆனால் இதே கேள்வியைக் குமுளியிலிருந்தும் கூடலூரிலிருந்தும் நெடுங்கண்டத்திலிருந்தும் ஆட்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அதனால் அவர்களுக்கும் சேர்த்து எழுதுகிறேன். மலைக்கு மேலே கேரளப் பக்கம் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் சிலர் போனில் "டாக்டர், நாய்க்குப் பனி" என்பார்கள். முதல் தடவை கேட்டபோது, சளி பிடித்திருக்கிறது போலும் என்று எண்ணி, கம்பளி போர்த்திப் படுக்க வையுங்கள் என்று சொல்லிவிட்டேன். மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். எல்லையில் வைத்தியம் பார்ப்பவன் முதலில் இதையெல்லாம் கற்றுக்கொள்ள வேண்டும்.

சரி, சூட்டுக் கணக்குக்கு வருவோம். நமக்கு 98.6 என்று மனதில் பதிந்து கிடக்கிறது. நாயின் உடம்பு இயல்பிலேயே நம்முடையதைவிடச் சூடு. 101-லிருந்து 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை அதற்குச் சாதாரணம். செல்சியஸ் காட்டும் தெர்மாமீட்டராக இருந்தால் 38.3-லிருந்து 39.2. அதனால்தான் காதைத் தொட்டாலும் வயிற்றைத் தொட்டாலும் நம் கைக்குச் சுடுவது போலவே இருக்கும். நல்ல திடமான நாயைத் தொட்டாலும் அப்படித்தான். 103-ஐத் தாண்டினால் காய்ச்சல் என்று எடுத்துக்கொள்ளலாம். 104 என்றால் அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும். 106-க்கு மேலே போனால் உயிருக்கு ஆபத்து. ஓடியாடிவிட்டு வந்த நாய்க்கும், ஆஸ்பத்திரி மேசையில் ஏற்றியதும் நடுங்கும் நாய்க்கும் காய்ச்சல் இல்லாமலேயே 103 காட்டும். எனவே அரை மணி நேரம் அமைதியாகப் படுத்திருந்த பிறகு, வீட்டிலேயே எடுத்த அளவுக்குத்தான் நான் அதிக மதிப்புக் கொடுப்பேன்.

கூடினால் பயப்படுகிறோம், குறைந்தால் யாரும் கவனிப்பதில்லை. நோயில் கிடக்கும் நாய்க்கு 99-க்குக் கீழே இறங்கினால் எனக்கு 104-ஐவிட அதிகப் பயம். பார்வோ என்கிற வைரஸ் நோய் வந்த குட்டி முதல் நாள் கொதிக்கும். வாந்தியும் ரத்தப்பேதியுமாகப் போய், மூன்றாம் நாள் காதும் பாதமும் சில்லிட்டுக் கிடக்கும். "காய்ச்சல் விட்டுருச்சு சார்" என்று சொல்லிக்கொண்டு தூக்கி வருவார்கள். அந்தக் குட்டிகளைக் காப்பாற்றுவது பெரும்பாடு. ஒரே ஒரு விலக்கு உண்டு: நிறைமாதமாக இருக்கும் பெட்டை நாய்க்கு 99-க்குக் கீழே இறங்கினால், பெரும்பாலும் ஒரு நாளைக்குள் குட்டி போடப் போகிறது என்று அர்த்தம்.

தெர்மாமீட்டரை வைக்கிற இடம் ஆசனவாய்தான். அந்த விஷயத்தில் உங்கள் ஸ்டோர் அண்ணன் சரியாகவே சொல்லியிருக்கிறார். கோவிட் சமயத்தில் வாங்கிய நெற்றித் துப்பாக்கியை நாய் மேல் காட்டாதீர்கள். அது ரோமத்தின் சூட்டைத்தான் சொல்லும். தொடையிடுக்கில் வைத்தால் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். பாதரசம் உள்ள கண்ணாடி வேண்டாம், திமிறினால் உள்ளேயே உடையும். மருந்துக்கடையில் கிடைக்கும் டிஜிட்டல் ஒன்று வாங்கி, தலையில் சிவப்பு நூல் கட்டி, நாய்க்கென்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்கு வைத்ததை நாய்க்கு வைத்து, அதைத் திரும்பவும் பிள்ளை வாயில் வைக்கிற வேலை கூடவே கூடாது. இதைப் போனிலேயே சொன்னேன், இங்கேயும் சொல்கிறேன். நுனியில் தேங்காயெண்ணெய் தொட்டு, ஒருவர் தலையை அணைத்துப் பேச்சுக் கொடுத்தபடி இருக்க, மற்றவர் வாலைத் தூக்கி ஓர் அங்குலம் உள்ளே விட்டு, லேசாகச் சாய்த்துக் குடல் சுவரில் படும்படி பிடிக்க வேண்டும். மலத்துக்குள் குத்தி நின்றால் அளவு தப்பாகிவிடும். பீப் சத்தம் கேட்டதும் எடுத்துப் பார்த்து, நேரத்தோடு குறித்துவையுங்கள். காலை ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. நேரம் ஏன் முக்கியம் என்று பின்னால் சொல்கிறேன்.

மூக்கை மட்டும் நம்பாதீர்கள். தூங்கி எழுந்த நாய்க்கு மூக்கு காய்ந்துதான் இருக்கும். வெயிலில் கிடந்தாலும், அடுப்படியில் படுத்தாலும் அப்படியே. செவலை எங்கே படுக்கும் என்று கேட்டதற்கு உங்கள் வீட்டுக்காரர் சொன்னார்: மழை தொடங்கிவிட்டால் காய் உலர்த்தும் அறையின் பின்சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டுதான் படுக்குமாம். உள்ளே இரவும் பகலும் அனல். அந்தச் சுவரை ஒட்டிக் கிடக்கிற நாய்க்கு மூக்கு ஈரமாக இருந்தால்தான் ஆச்சரியம். மாறாக, 104 காய்ச்சலோடு சில்லென்று ஈர மூக்கை என் கையில் வைத்துத் தேய்த்த நாய்களையும் பார்த்திருக்கிறேன். மூக்கில் மஞ்சள் சளி ஒழுகினாலோ, தோல் வெடித்துப் பொருக்குத் தட்டினாலோ அது வேறு கதை. டிஸ்டெம்பர் மாதிரி நோய்களில் அதைப் பார்க்கலாம். காய்கிறதா, ஈரமா என்பதில் ஒன்றும் இல்லை.

அப்படியானால் 101.8 காட்டிய செவலை நன்றாக இருந்ததா? இல்லை. இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள், நானும் ஏமாந்திருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் போடியிலிருந்து ஒரு ராஜபாளையம் நாயைக் கூட்டிவந்தார்கள். ஒரு வாரமாகச் சோறு சரியாக எடுப்பதில்லை என்றார்கள். காலை பத்து மணி. தெர்மாமீட்டர் 101.4. ஒன்றுமில்லை என்று சத்து டானிக் எழுதி அனுப்பினேன். "ராத்திரியானா நடுங்குது டாக்டர்" என்று அந்தப் பெரியவர் சொன்னது காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. இரண்டு வாரம் கழித்து, வெள்ளை நாய் மூக்கிலிருந்து மார்பு வரை ரத்தம் வடிய வந்தது. உண்ணிக்காய்ச்சல். எர்லிக்கியா என்கிற கிருமி. ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் ஏறக்குறைய வடிந்துபோயிருந்தன. நாய் பிழைக்கவில்லை. உண்ணியால் வரும் காய்ச்சல் ஏறி இறங்கும்; பகலில் பதுங்கி ராத்திரியில் தலைகாட்டலாம். இரண்டு நாள் விட்டும் வரலாம். சில நாய்களில் மாதக்கணக்கில் வெளியே எதுவுமே தெரியாமல் உள்ளே இருந்துவிட்டுப் பிறகு கிளம்பும். அதனால்தான் காலை, மாலை இரண்டு வேளையும் பார்த்து எழுதி வைக்கச் சொல்வது. வியட்நாம் போரில் அமெரிக்க ராணுவம் கொண்டுபோன மோப்ப நாய்களில் நூற்றுக்கும் மேற்பட்டவை குண்டடி படாமல் இந்த ஒரு நோயில் மூக்கிலிருந்து ரத்தம் ஒழுகியே செத்தன. அவற்றில் பெரும்பாலானவை ஜெர்மன் ஷெப்பர்டு.

எனவே தெர்மாமீட்டரோடு வேறு சிலவற்றையும் பார்க்க வேண்டும். முதலாவது, உங்கள் நாயின் அன்றாட வழக்கம். இது எனக்குத் தெரியாது, உங்களுக்குத்தான் தெரியும். போனில் நான் கேட்ட முதல் கேள்வி நினைவிருக்கிறதா? விடிகாலையில் கம்பத்திலிருந்து தோட்டத்துக்கு ஆள் ஏற்றி வரும் ஜீப் சத்தம் கேட்டால் செவலை என்ன செய்யும்? "வளைவு திரும்பும்போதே ஓடிப்போய்க் குரைக்கும் சார், இப்போ தலையை மட்டும் தூக்கிப் பார்த்துட்டு வைச்சுக்குது" என்றீர்கள். நோய் என்று முடிவுகட்ட எனக்கு அது போதும். ஒருவேளை சோற்றை ஒதுக்குவதைப் பெரிதாக எடுக்க வேண்டாம், நாய்க்கு அது சகஜம். இரண்டு நாள் தொடர்ந்து ஒதுக்கினாலோ, பிரியமான கறித்துண்டையே முகர்ந்துவிட்டுப் போனாலோ அப்படி விடக்கூடாது. இருட்டான மூலை தேடிப் போவது, தொட்டால் உறுமாத நாய் உறுமுவது, மேலே ஏறிப் படுக்கும் நாய் ஏறாமல் நிற்பது, குளிரில்லாமல் நடுங்குவது, கண் சிவப்பது இதெல்லாம் காய்ச்சலோடு வருகிறவை.

இரண்டாவது, ஈறு. உதட்டைத் தூக்கிப் பாருங்கள். நம் நகக்கண் மாதிரி இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். பெருவிரலால் அழுத்திவிட்டு எடுத்தால் அந்த இடம் வெளுத்து, ஒன்று, இரண்டு என்று எண்ணுவதற்குள் மறுபடி சிவக்க வேண்டும். கோம்பை நாய்க்கு முகமே கறுப்பு, பலவற்றுக்கு ஈறும் திட்டுத்திட்டாகக் கறுத்திருக்கும். அப்படியிருந்தால் கீழ் இமையை விரலால் இறக்கி உட்பக்கத்தைப் பாருங்கள். செவலைக்கு அன்று அதைத்தான் செய்தேன். இமையின் உட்பக்கம் கஞ்சித் தண்ணீர் நிறத்தில் இருந்தது. உள்ளே கொஞ்ச நாளாகவே ரத்தம் போய்க்கொண்டிருந்திருக்கிறது. நாலு படிக்கு மூச்சு வாங்கியதும் அதனால்தான். தூங்கும் நாயின் விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். 30-க்குள் இருந்தால் கவலையில்லை.

மூன்றாவது, மூத்திரம். தண்ணீர் குறைந்தால் மூத்திரம் கடும் மஞ்சளாகும், அவ்வளவுதான். பாலில்லாத சாயா நிறத்துக்குப் போகாது. அந்த நிறம் வந்தால் பெரும்பாலும் இரண்டில் ஒன்று: சிவப்பணுக்கள் உள்ளேயே உடைந்து அந்தச் சாயம் இறங்குகிறது, அல்லது ஈரல் கெட்டுப் பித்தம் இறங்குகிறது. இரண்டுமே தெர்மாமீட்டர் என்ன காட்டினாலும் அன்றைக்கே பார்க்க வேண்டியவை.

அன்று சாயங்காலம் ஆறரை மணிக்கு நீங்கள் வந்து இறங்கியபோது செவலைக்கு 103.9. காலையில் வீட்டில் பார்த்தபோது 101.6 என்று எழுதிக்கொண்டு வந்திருந்தீர்கள். காது நுனியில் குத்தி ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடியில் தடவிச் சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது, உங்களையும் கூப்பிட்டுக் காட்டினேன். வட்டமான சிவப்பணுவுக்குள் இரண்டிரண்டாக, நுனி சேர்த்து வைத்த பேரிக்காய் மாதிரி. அதுதான் பேபீசியா. உண்ணி கடிக்கும்போது உள்ளே ஏறி, சிவப்பணுவுக்குள் குடியிருந்து பெருகி, அதை உடைத்துக்கொண்டு வெளியே வருகிற ஒட்டுண்ணி. நமக்கு மலேரியா செய்வதைப் போன்ற வேலை. ரத்தத்தில் சிவப்பணுவின் பங்கு நூற்றுக்கு 37-க்கு மேல் இருக்க வேண்டியது, செவலைக்கு 18-தான் இருந்தது. இன்னும் இரண்டு நாள் பாராசிட்டமாலோடு ஓட்டியிருந்தால் ரத்தம் ஏற்ற வேண்டி வந்திருக்கும். அதற்கு மலையிறங்கித் தேனி கால்நடை மருத்துவக் கல்லூரி வரை போயிருக்க வேண்டும்.

மாத்திரை விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நீங்கள் கொடுத்த பாதி மாத்திரை இருபது கிலோ நாயை அன்றைக்கே சாய்த்துவிடாது. பாராசிட்டமாலை நாய்க்கு நாங்களே சில சமயம் எடைபோட்டுக் கணக்காகக் கொடுப்பதுண்டு. ஆனால் அளவு தப்பினால் அது ஈரலையும் கெடுக்கும், சிவப்பணுவையும் கெடுக்கும். சிவப்பணு ஏற்கெனவே உடைந்துகொண்டிருக்கிற நாய்க்கு அதையும் சேர்த்துக் கொடுப்பது எரிகிற வீட்டில் இன்னொரு கொள்ளி வைத்த மாதிரி. இரண்டு மூன்று கிலோ குட்டிக்கு அதே பாதி மாத்திரை விஷம். பூனைக்குக் கால் மாத்திரையே எமன். இபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளை நாய்க்குத் தொடவே கூடாது. வயிற்றில் புண்ணாகி ரத்தமாகப் போகும், சிறுநீரகம் நின்றுவிடும். எனக்கு வருகிற நாய்களில் நோயைவிட இந்த மாத்திரைகளால் கெட்டுப்போனவை நிறைய.

இடுக்கிப் பக்கம் இன்னொரு பழக்கம் பார்க்கிறேன். 2018 வெள்ளத்துக்குப் பிறகு எலிப்பனி வராமல் இருக்க டாக்ஸிசைக்ளின் மாத்திரை ஊர் ஊராகக் கொடுத்தார்கள் அல்லவா, அதில் மிச்சமிருந்ததையோ பிறகு வாங்கியதையோ நாய்க்கு இரண்டு நாள் போடுவது. உண்ணிக்காய்ச்சலுக்கு அதே மருந்துதான் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். எர்லிக்கியாவுக்கு அதே மருந்துதான், உண்மை. ஆனால் எடைக்கேற்ற அளவில் 28 நாள் கொடுக்க வேண்டும். இரண்டு நாளில் நாய் எழுந்து ஓடும், மருந்தை நிறுத்துவார்கள், கிருமி உள்ளேயே தங்கும். செவலைக்கு வந்த பேபீசியாவை அந்த மருந்து மட்டும் தீர்க்காது. அதற்கு வேறு ஊசி.

எலிப்பனி என்றதும் ஒன்று. நம் பக்கம் எலிக்காய்ச்சல் என்று சொல்வது. காய்ச்சல், வாந்தி, மஞ்சள் பூத்த கண், கறுத்த மூத்திரம் இதுவும் நாய்க்கு அப்படித்தான் காட்டும். ஸ்டோரில் சாக்கு இருக்கும், சாக்கு இருந்தால் எலி இருக்கும், மழையில் எலியின் மூத்திரம் தேங்கிய தண்ணீரை நாய் நக்கும். அந்த நாயின் மூத்திரத்திலிருந்து நமக்கும் தொற்றும். அதனால்தான் ரத்தம் பார்க்கிற வரைக்கும், மூத்திரம் கழுவும்போது கையுறை போடுங்கள், காலில் புண் இருந்தால் பூட்ஸ் போடுங்கள், பிள்ளையைக் கிட்டே விடாதீர்கள் என்று போனில் அவ்வளவு வற்புறுத்தினேன். செவலைக்கு அது இல்லை என்று ஆனது நல்லதாயிற்று. வருடாந்திரத் தடுப்பூசியில் இதற்கும் சேர்த்துப் போட முடியும். மழை தொடங்குவதற்கு முன்னால் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

சூடு ஏறினால் எல்லாமே காய்ச்சல் என்று எடுத்துக்கொள்வதும் தப்பு. தோட்டத்தில் மருந்தடித்த அன்று நாய் வாயில் நுரை தள்ளி, சதை துடித்து, கண்மணி ஊசிமுனை மாதிரி சுருங்கி, பேதியும் போனால் அது பூச்சிமருந்து விஷம். உடம்பு துடிக்கிற துடிப்பில் தெர்மாமீட்டர் 105 காட்டும். அதற்குக் காய்ச்சல் மருந்து தேடி நேரத்தை விடாமல், மருந்து டப்பாவின் லேபிளையும் கையோடு எடுத்துக்கொண்டு ஓடி வாருங்கள். மேலிருந்து நாயைக் கீழே கம்பத்துக்கோ தேனிக்கோ கூட்டிவருகிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். மலையின் குளிருக்குப் பழகிய நாயைச் சித்திரை வெயிலில் பூட்டிய காரில் பத்து நிமிடம் விட்டால் போதும். அது வெக்கை தாக்கியது. உடம்பு முழுக்கச் சாதாரணத் தண்ணீர் ஊற்றி, காற்றடிக்கவிட்டு, நனைத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டும். கிருமியால் வந்த காய்ச்சலுக்கு அப்படிக் குளிப்பாட்டினால் நாய் நடுங்கும், சூடு இன்னும் ஏறும்.

வாயை மூட முடியாமல் எச்சில் வடித்துக்கொண்டு, குரல் மாறி, தண்ணீரை விழுங்கத் திணறுகிற நாயைப் பார்த்து "தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கு" என்று வாய்க்குள் கை விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது வெறிநோயாக இருக்கலாம். கையை விடாதீர்கள், தெர்மாமீட்டரும் வைக்க வேண்டாம். எட்டத்தில் அடைத்துவைத்துவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். கடியோ நகக்கீறலோ எச்சில் பட்ட புண்ணோ இருந்தால் ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே மனிதர்களுக்கான ஆஸ்பத்திரியில் ஊசியைத் தொடங்குங்கள். எல்லைக்கு எந்தப் பக்கமானாலும் அரசு ஆஸ்பத்திரியில் கிடைக்கும்.

காய்ச்சலில் கிடக்கிற நாய்க்கு வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது அதிகமில்லை. காற்று வருகிற நிழலில் சாக்கு விரித்துப் படுக்கவிட்டு, தண்ணீரை முகத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். குழைந்த சோற்றில் உப்பில்லாத கோழிச்சாறு ஊற்றிக் கொடுத்தால் சில நாய்கள் நக்கும். நக்காவிட்டால் விட்டுவிடுங்கள். வாயைத் திறந்து ஊற்றினால் நுரையீரலுக்குப் போய்விடும். சாற்றில் வெங்காயமும் பூண்டும் சேரக் கூடாது. பூண்டு கொடுத்தால் உண்ணி அண்டாது என்று உங்கள் பக்கத்து வீட்டில் சொன்னதாகச் சொன்னீர்கள். உண்ணி நன்றாகவே அண்டும். வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுவை உடைக்கும். செவலைக்கு இப்போது இருக்கிற நிலைமையில் அது ஆகவே ஆகாது.

இனி உண்ணி. செவலையின் காது மடலுக்குள்ளும் கால்விரல் இடுக்கிலும் அன்று நானும் உதவியாளரும் சேர்த்து எடுத்தது 41. இவ்வளவுதானே என்று நினைக்க வேண்டாம். நாய் மேல் தெரிவது கொஞ்சம், மீதியெல்லாம் சுவரில். குடித்து உப்பிய பெட்டை உண்ணி நாயைவிட்டு இறங்கிச் சுவர் ஏறி விரிசலுக்குள் போய் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். வெதுவெதுப்பான காய் உலர்த்தும் அறைச் சுவர் அதற்கு அரண்மனை. நாயை மட்டும் சுத்தம் பண்ணிவிட்டு அதே சுவரடியில் படுக்கவிட்டால் அடுத்த மாதம் திரும்ப ஏறும். உண்ணியை நகத்தால் நசுக்காதீர்கள்; சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்துச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். மண்ணெண்ணெய் தடவுவது, மாட்டுக்கு அடிக்கிற உண்ணி மருந்தைத் தண்ணீர் கலக்காமல் தேய்ப்பது இரண்டும் நாயைத்தான் முதலில் படுக்க வைக்கும். நாய்க்கென்றே வாய்வழி மாத்திரை வருகிறது, ஒன்று கொடுத்தால் ஒரு மாதம் தாங்கும், சிலவகை மூன்று மாதம் தாங்கும். விலை கொஞ்சம் அதிகம்தான். இந்தத் தடவை ஊசிக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் ஜீப்புக்கும் ஆன செலவோடு வைத்துப் பாருங்கள்.

செவலைக்கு முதல் ஊசி போட்டாயிற்று. போட்ட கொஞ்ச நேரத்தில் எச்சில் ஒழுகி ஒரு தடவை வாந்தி எடுத்ததே, அது அந்த மருந்தின் குணம், பயப்பட ஒன்றுமில்லை. இரண்டாவது ஊசி 14-ஆம் நாள். நேற்று நீங்கள் போனில், மூத்திரம் வெளுத்துவிட்டது, ஜீப் சத்தத்துக்கு வாசல்வரை நடந்து போய்விட்டு வந்தது, இரண்டாவது ஊசி வேண்டுமா சார் என்று கேட்டீர்கள். வேண்டும். அன்றைக்குத் திரும்ப ரத்தம் பார்க்க வேண்டியிருக்கிறது. தெர்மாமீட்டர் குறித்த நோட்டைக் கொண்டுவாருங்கள். வருகிற அன்று காலையில் போகும் மூத்திரத்தைக் கழுவிக் காயவைத்த பாட்டிலில் பிடித்து வாருங்கள், கையுறையோடுதான். அதற்கு முன்னால் உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லி அந்தப் பின்சுவர் விரிசலைச் சிமெண்ட் வைத்துப் பூசச் சொல்லுங்கள். மழை விடட்டும் என்று தள்ளிப்போட்டால் முட்டையெல்லாம் பொரித்துவிடும்.